குரூப்பா லேசர் டேக் ஆட வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு டாக்டிகல் லேசர் டேக் அரீனால கேம் மார்ஷலா இருக்கேன். பர்த்டே, ஆபீஸ் அவுட்டிங், காலேஜ் பேட்ச், அபார்ட்மெண்ட் குரூப்னு வர்றவங்களை உள்ள கூட்டிட்டுப் போய் ஆட வெக்கிறது என் வேலை. போன்லயும் வாட்ஸ்அப்லயும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளுக்கு ஒரே இடத்துல பதில் எழுதி வெக்கலாம்னு உக்காந்தேன். எங்க இடத்துக்குத்தான் வரணும்னு இல்ல, நீங்க வேற ஊர்ல வேற அரீனாவுக்குப் போனாலும் இதுல முக்காவாசி உதவும். குரூப்பா வந்தா ஒருத்தர்கூட ஓரமா உக்காந்து போன் நோண்டிட்டு இருக்கக்கூடாது, எல்லாருக்கும் உள்ள ஒரு வேலை இருக்கணும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

லேசர் டேக் தெரியும், அது என்ன டாக்டிகல்?

மால்ல ஆடுறது பாத்திருப்பீங்க. நெஞ்சுலயும் முதுகுலயும் லைட் எரியற வெஸ்ட், இருட்டு ரூம், நியான் பெயின்ட், புகை, சத்தமா பாட்டு. டாக்டிகல்லயும் டெக்னிக் அதேதான், ஆனா வெஸ்ட்டுக்கு பதிலா பெரும்பாலும் தலைல ஒரு ஹெட்பேண்ட், அதுல சுத்தி சென்சார். துப்பாக்கி கொஞ்சம் வெயிட்டா இருக்கும், குண்டுக்கு கணக்கு உண்டு, தீந்தா ரீலோடு பண்ணணும், உயிருக்கும் கணக்கு உண்டு. களம் டிரம்மு, மரப்பெட்டி, டயர் அடுக்கு, மணல் மூட்டை, சின்னதா ஒரு மாடினு ஒரு தெரு மாதிரி இருக்கும். கொடியைப் பிடி, பாம் வை, இந்த ஆளைப் பத்திரமா அந்தப் பக்கம் கொண்டு போய் சேருனு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வேலை குடுப்போம், அதை டீமா பிரிச்சு செய்யணும், அதனாலதான் டாக்டிகல்னு பேரு.

சுட்டா வலிக்குமா? கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?

வலிக்காது, ஏன்னா உங்க மேல எதுவுமே வந்து படாது. பேர்ல லேசர்னு இருந்தாலும் நிஜமா சுடுறது இன்ஃப்ராரெட் வெளிச்சம், உங்க வீட்டு டீவி ரிமோட்ல இருந்து வர்ற அதே வகை. பட்டனை அமுக்கினா ரிமோட் டீவிக்கு ஒரு கோடு அனுப்புதுல்ல, அந்த மாதிரி ட்ரிகரை அமுக்கினா இந்த பிளேயர், இந்த டீம், இவ்ளோ டேமேஜ்னு ஒரு கோடு போகும், எதிராளி தலைல இருக்குற சென்சார் அதைப் படிச்சு பீப் அடிச்சு உயிரைக் குறைக்கும். செவப்பா ஒரு புள்ளி இல்ல கோடு தெரிஞ்சா அது குறி பாக்குறதுக்கு வெச்சது.

பிள்ளைங்க நம்பலைனா ஒரு விளையாட்டு காட்டுவேன், நீங்க வீட்லயே செஞ்சு பாக்கலாம். போன்ல செல்ஃபி கேமராவை ஆன் பண்ணி டீவி ரிமோட்டோட மூஞ்சியை அதுக்கு நேரா வெச்சு ஒரு பட்டனை அமுக்குங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா நிறைய போன்ல ஸ்கிரீன்ல ஊதா கலந்த வெள்ளையா ஒரு புள்ளி மினுக்கும். எங்க துப்பாக்கியையும் அப்படி போன்ல காட்டினதும் ஏழு வயசுப் பையன் ஒருத்தன் அவங்க அப்பா மூக்குக்கிட்ட போனைப் பிடிச்சு "இதான்பா குண்டு"னு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்டான். அந்தப் பயம் போயிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், குறி பாக்குற செவப்பு லேசர் இருக்குற துப்பாக்கினா அதோட கண்ணாடியைப் பக்கத்துல வெச்சு உத்துப் பாக்காதீங்க. எந்த லேசரா இருந்தாலும் அந்தப் பழக்கம் வேண்டாம்.

பெயின்ட்பால் போலாமா, இதுக்கு வரலாமானு குழப்பமா இருக்கு.

பெயின்ட்பால்ல நிஜமாவே பெயின்ட் நிரப்பின ஒரு உருண்டை பறந்து வரும், சாதாரணமா விநாடிக்கு 280லருந்து 300 அடி வேகத்துல, அதாவது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல. படுற இடத்துல சுருக்குனு இருக்கும், கன்னிப் போகும், மாஸ்க்கை களத்துல கழட்டவே கூடாது. பசங்க மட்டும் இருக்குற காலேஜ் குரூப், எல்லாரும் அதுக்கு மனசாரத் தயார்னா தாராளமா போங்க, அதுல ஒரு தனி த்ரில் இருக்கு. ஆனா குரூப்ல ஒருத்தர் ரெண்டு பேராவது "அய்யோ வலிக்கும்"னு தயங்குறாங்கனா, இல்ல பிள்ளைங்களும் பெரியவங்களும் கலந்து இருக்கீங்கனா லேசர் டேக்தான் சரி. தயங்குறவங்க மத்தவங்களுக்காக சரினு தலையாட்டிட்டு கடைசில பேக் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, நான் நிறைய பாத்திருக்கேன்.

எத்தனை பேர் இருந்தா நல்லா இருக்கும்?

ஆறு பேர் இருந்தாலே ஆடலாம். 10லருந்து 16 பேர் வரைக்கும்தான் என் கணக்குல ருசி. அதுக்கு மேல போனா உங்க அரீனாவோட சைஸைப் பொறுத்தது, சின்ன இடத்துல 24 பேரை இறக்கினா திரும்புன பக்கம்லாம் குண்டு, அவுட் ஆகி, மறுபடி உயிர் எடுத்துட்டு (இதை ரீஸ்பான்னு சொல்லுவோம்) வெளிய வந்த அடுத்த நொடியே திரும்ப அவுட். 30, 40 பேர் வர்றீங்கனா மூணு நாலு டீமா பிரிஞ்சு டோர்னமென்ட் மாதிரி வெச்சுக்கோங்க, ரெண்டு டீம் ஆடும்போது மீதி டீம் மேல இருந்து பாத்து கத்தட்டும். காத்திருக்குறவங்களுக்கு வேற ஏதாவது இருக்கானு மட்டும் புக் பண்றப்பவே கேட்டுக்கோங்க, கேரம் போர்டு ரெண்டு இருந்தாக்கூட போதும்.

ஆள் எண்ணிக்கை ஒத்தைப்படைல வந்தா பயப்படாதீங்க. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியா உயிர், குண்டு, டேமேஜ் எல்லாம் மாத்த முடியும், ஏழு பேர் டீமுக்கு எதிரா ஆறு பேர் டீம்னா அந்த ஆறு பேருக்கும் கொஞ்சம் உயிர் கூட்டி விட்டுடுவோம்.

டீம் எப்படி பிரிக்கிறது?

இதுலதான் முழு பார்ட்டியும் நிக்குது. சொந்தமா விட்டா எல்லா குரூப்பும் ஒரே தப்பைத்தான் பண்ணும். ஆபீஸ்னா டெவலப்பர் ஒரு பக்கம் டெஸ்டிங் ஒரு பக்கம், குடும்பம்னா பசங்க ஒரு பக்கம் பொண்ணுங்க ஒரு பக்கம், அபார்ட்மெண்ட்னா ஏ பிளாக் பி பிளாக். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு பக்கம் வீட்ல தினமும் ஷூட்டிங் கேம் ஆடுற நாலு பேர் சேந்துட்டா முதல் ஆட்டம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், தோத்த டீம்ல பாதி பேருக்கு ரெண்டாவது ஆட்டத்துக்கு மனசு இருக்காது.

நான் என்ன பண்ணுவேன்னா, முதல் ஆட்டத்தை சும்மா குலுக்கிப் போட்டு ஆட விடுவேன், ஸ்கோர் யாரும் பெருசா எடுத்துக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுவேன். அந்தப் பத்து நிமிஷத்துல யார் யார் எப்படினு தெரிஞ்சிடும். அப்புறம் ஸ்கோர் லிஸ்ட்டை வெச்சு முதல் ஆள் சிவப்பு, ரெண்டாவது மூணாவது நீலம், நாலாவது அஞ்சாவது சிவப்புனு பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு பிரிப்பேன். ரெண்டு டீமும் கிட்டத்தட்ட சமமா வந்துடும். புருஷன் பொண்டாட்டியை, அண்ணன் தம்பியை எதிரெதிர் டீம்ல போடுங்க, சுவாரஸ்யம் தானா வரும். ஆனா கூச்ச சுபாவம் உள்ளவங்களை மட்டும் தெரிஞ்ச ஒருத்தரோட ஒரே டீம்ல விடுங்க, முதல் தடவை வர்றவங்களுக்கு பக்கத்துல ஒரு தெரிஞ்ச குரல் வேணும்.

எந்த கேம் மோட் எடுக்கணும்? லிஸ்ட்டே பெருசா இருக்கு.

எல்லாத்தையும் ஆடணும்னு அவசியமே இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு மூணு, மிஞ்சினா நாலு ஆட்டம் போதும், ஒவ்வொண்ணும் பத்துலருந்து பதினஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஏசி இருந்தாலும் வேர்த்து ஊத்தி கால் கெஞ்சும்.

முதல் ஆட்டம் எப்பவும் டீம் டெத்மேட்ச், சுட்டா பாயிண்ட், அவ்ளோதான், அவுட் ஆனா பேஸுக்கு, அதாவது உங்க டீம் கிளம்புற இடத்துக்குப் போய் மறுபடி உயிர் எடுத்துட்டு வரலாம். துப்பாக்கியைப் பழகிக்கத்தான் இது. ரெண்டாவது டாமினேஷன் இல்ல கொடி பிடிக்கிறது. டாமினேஷன்ல களத்துல ரெண்டு மூணு இடத்துல பெட்டி இருக்கும், அதை சுட்டா உங்க டீம் கலருக்கு மாறும், எவ்ளோ நேரம் உங்க கலர்ல இருந்துச்சோ அவ்ளோ பாயிண்ட். குறி பாத்து சுட வராதவங்களும் பெட்டிகிட்ட குந்தி உக்காந்து காவல் காக்கலாம், அந்த ஒரு ஆளாலயே டீம் ஜெயிச்சதை வாராவாரம் பாக்குறேன்.

மூணாவதா விஐபி மோட். ஒருத்தருக்கு உயிர் கம்மி, துப்பாக்கி சில சமயம் இருக்காது, அவரை இந்த முனைலருந்து அந்த முனைக்குக் கூட்டிட்டுப் போகணும். பர்த்டேன்னா பர்த்டே பிள்ளை விஐபி, ஆபீஸ்னா மேனேஜர், கல்யாணத்துக்கு முன்னாடி வர்ற பேச்சிலர் பார்ட்டினா மாப்பிள்ளை. இதுல எல்லாரும் அந்த ஒரு ஆளைச் சுத்தி நிப்பாங்க, பேசிக்கிட்டே நகருவாங்க, போட்டோவும் இதுலதான் நல்லா வரும்.

மெடிக் ஒருத்தர் இருக்குற மாதிரியும் வெக்கலாம், அவர் துப்பாக்கியால அவர் டீம் ஆளை சுட்டா உயிர் ஏறும். அமைதியா இருக்குறவங்களுக்கு இந்த வேலையைக் குடுத்துப் பாருங்க, ஆட்டம் முடியறதுக்குள்ள மொத்த டீமும் அவங்க பேரைத்தான் கத்திக்கிட்டு இருக்கும்.

நான் ஒண்ணே ஒண்ணு வேண்டாம்னு சொல்லுவேன், லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங். அவுட் ஆனா வெளிய போயிடணும், கடைசியா நிக்கிறவர் ஜெயிச்சவர். நல்லா ஆடுறவங்களுக்கு அது சூப்பரா இருக்கும், நல்லா ஆடத் தெரியாதவங்க முதல் ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்து பாக்கி நேரம் பூரா சுவத்தைப் பாத்துட்டு நிப்பாங்க. நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பர்த்டேல பசங்க கேட்டாங்கனு இதை வெச்சுட்டேன், முதல்ல அவுட் ஆனது பர்த்டே பையனே. ஹெட்பேண்டைக் கழட்டி கைல வெச்சுக்கிட்டு கதவுகிட்ட நின்னு உதட்டைக் கடிச்சுட்டு இருந்தான், உள்ள அவன் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் கத்திக்கிட்டு ஆடிட்டு இருக்காங்க. அன்னைலருந்து பிள்ளைங்க பார்ட்டிக்கு அந்த மோடை நான் வெக்கிறதே இல்ல, எவ்ளோ கேட்டாலும்.

பிள்ளைங்க பர்த்டேக்கு எத்தனை வயசு ஆகியிருக்கணும்?

ஏழு எட்டு வயசு ஆகியிருந்தா நல்லது. வயசைவிட துப்பாக்கியைத் தூக்க முடியுதானு பாருங்க, டாக்டிகல் துப்பாக்கி பெருசுனா பத்து நிமிஷத்துல சின்னக் கை தொங்கிடும். சின்ன சைஸ் துப்பாக்கி இருக்கானு கேளுங்க. ஹெட்பேண்ட் சின்னத் தலைக்கு டைட் ஆகுதானும் பாக்கணும், லூசா இருந்தா கண்ணுக்கு இறங்கி வந்துடும், பிள்ளை ஆட்டம் பூரா அதைத் தூக்கிவிட்டுட்டே இருக்கும்.

ஆறு வயசுத் தங்கச்சி கூட வருதுனா அதையும் விட்டுடாதீங்க. அப்பாவோ அம்மாவோ கூட ஜோடியா போய், துப்பாக்கியைப் பெரியவங்க தாங்கிப் பிடிக்க, பிள்ளை ட்ரிகர் அமுக்கட்டும். இருட்டுக்குப் பயப்படுற பிள்ளைனா லைட்டைக் கூட்டி, புகையையும் சத்தத்தையும் குறைக்கச் சொல்லுங்க, அது ஒரு சுவிட்ச் வேலைதான். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெறும் களத்தை ஒரு சுத்து சுத்திக் காட்டச் சொல்லிக் கேளுங்க. எங்கெங்க மூலை இருக்குனு தெரிஞ்சிட்டா இருட்டு பாதியா குறைஞ்சிடும் அவங்களுக்கு.

ரெண்டு டீமுக்கும் ஒவ்வொரு பெரியவர் இருந்தா நல்லது, ஆனா பிள்ளைங்களை விரட்டி விரட்டி சுடுற மாமா வேண்டாம். பெரியவங்களுக்கு உயிர் 3, பிள்ளைங்களுக்கு 10னு வெச்சுட்டா அந்தப் பிரச்சனையும் தீரும், அதுக்கப்புறம் மாமாவை ஓட விடுறதே பிள்ளைங்கதான்.

கேக் எப்ப வெட்டறது?

ஆடி முடிச்சப்புறம், தயவுசெஞ்சு. முதல்ல வெட்டினா வயிறு நிறைய கேக்கும் கூல் ட்ரிங்க்ஸும் போட்டுட்டு ஓடுவாங்க, ஒண்ணு ரெண்டு பேர் கண்டிப்பா வாந்தி. அதோட அந்த மூஞ்சில க்ரீம் பூசற பழக்கம் இருக்கே, அந்தக் கையோட துப்பாக்கியைப் பிடிச்சா க்ரீம் ட்ரிகர் இடுக்குல போய் உக்காந்துக்கும், நாங்க டூத் பிரஷ்ஷும் ஈரத்துணியும் வெச்சு நோண்டி எடுக்கணும், அடுத்த குரூப் வெளிய காத்துட்டு இருக்கும். வந்ததும் தண்ணி, பிஸ்கட் மாதிரி லேசா ஏதாவது, மூணு ஆட்டம், மூஞ்சி கழுவிட்டு கேக், அப்புறம் சாப்பாடு. அந்தப் பசில பிள்ளைங்க சாப்பிடுற சாப்பாட்டைப் பாக்கணுமே, வீட்ல தயிர்சாதம் வேண்டாம்னு ஓடுறதெல்லாம் ரெண்டாவது தடவை கேக்கும்.

ஆபீஸ் டீம் அவுட்டிங்குக்கு என்ன பிளான் பண்ணணும்?

வார நாள் மதியம் வாங்க. சனி ஞாயிறுல பர்த்டே கூட்டம், ரேட்டும் பொதுவா அதிகம், ஓஎம்ஆர்ல சாயங்காலம் சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டுறதுக்குள்ள பாதி பேருக்கு மூடு போயிடும். மதியம் வர்றீங்கனா பஃபே சாப்பாட்டை முடிச்சுட்டு நேரா வராதீங்க, பிரியாணி சாப்பிட்டுட்டு குனிஞ்சு உக்காந்து எழுந்திருக்க முடியாது. ஆட்டம் முதல்ல, சாப்பாடு அப்புறம்.

ஹெச்ஆர்ல இருந்து கூப்பிடுறவங்க முதல்ல கேக்குறது ஜிஎஸ்டி பில் வருமானுதான். அதைப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லுங்க, கம்பெனி பேர், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் மெசேஜ்ல அனுப்பிட்டா கடைசி நேரத்துல கவுண்டர்ல நிக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம் மனசுல இருந்து சொல்றேன். கட்டாயப்படுத்தாதீங்க. "டீம் பில்டிங், எல்லாரும் ஆடியே ஆகணும்"னு மேனேஜர் சொல்றப்ப பின்னாடி நிக்கிற ஒருத்தர் முகம் எப்படி மாறுதுனு எனக்குத் தெரியும். அவருக்கு முட்டி வலியோ வேற என்னவோ, எல்லார் முன்னாடியும் சொல்ல முடியாது. அவங்களுக்காகத்தான் கமாண்டர்னு ஒரு வேலை வெச்சிருக்கேன், மேல கேலரில இருந்து பாத்து வாக்கிடாக்கில டீமுக்கு வழி சொல்றது. மேல இருந்து பாக்குறவங்களுக்குத்தான் முழு களமும் தெரியும், கமாண்டர் இருக்குற டீமுக்கு அது பெரிய பலம்.

அம்மா, அத்தை, பாட்டி எல்லாம் வர்றாங்க, அவங்க என்ன பண்ணுவாங்க?

ஆடுவாங்க! போன மாசம் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க கூட்டம், மூணு தலைமுறை. பாட்டி "நான் பை பாத்துக்கிறேன் நீங்க போங்க"னு உக்காந்துட்டாங்க. பேஸ் பக்கத்துல மணல் மூட்டைக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு, துப்பாக்கி முனையை மூட்டை மேல சாய்ச்சு வெச்சுக் குடுத்தேன், ஸ்கோப்ல ஒரு கண்ணை மூடிப் பாக்கச் சொன்னேன். நகரவே இல்ல அவங்க, மூச்சுகூட மெதுவாத்தான் விட்டாங்க. அந்த சந்துல யார் தலையை நீட்டினாலும் பீப். பேரன் ரெண்டு பேர் மூணு தடவை அந்த வழியா வந்து மூணு தடவையும் அவுட். ஆட்டம் முடிஞ்சு நான் போய் எழுப்பி விடப் போனா "இன்னொரு தடவை ஆடுவீங்களா?"னு கேட்டாங்க, கண்ணாடியை முந்தானைல தொடச்சுக்கிட்டே.

ஒருத்தர் நின்னோ உக்காந்தோ ஆட வசதியா ஒரு இடம் வேணும்னு முன்னாடியே சொல்லிட்டா போதும். வீல்சேர்ல வர்றவங்களுக்கும் அதேதான், களத்துல படி இல்லாத பாதை எதுனு கேட்டு அந்தப் பக்கத்து பேஸை அவங்க டீமுக்கு வாங்கிக்கோங்க.

என்ன டிரஸ் போட்டுட்டு வரணும்?

ஷூ. இது ஒண்ணை மட்டும் மறந்துடாதீங்க. செருப்புல வந்தா கால் பிசகும், எங்கள மாதிரி நிறைய இடத்துல உள்ள விடமாட்டாங்க. டார்க் கலர் டிரஸ் நல்லது, புற ஊதா லைட் போட்ட அரீனால வெள்ளை சட்டை நீலமா பளபளனு எரியும், சோப்பு பவுடர்ல துணி வெள்ளையாத் தெரியறதுக்குச் சேக்குற பொருள்தான் அப்படி மின்னுது. நீங்க எங்க ஒளிஞ்சாலும் சட்டை காட்டிக் குடுத்துடும். துப்பட்டாவைப் பின் பண்ணிக்கோங்க இல்ல லாக்கர்ல வெச்சிடுங்க. புடவைல ஆடலாம், ஆனா கொசுவத்தை கொஞ்சம் தூக்கி சொருகிக்கோங்க. கண்ணாடி போட்டவங்க கண்ணாடியோடவே ஆடலாம்.

ஹெட்பேண்ட் நிறைய தலைல ஏறி இறங்குறது, அதனால உள்ள கட்டிக்க ஒரு கர்ச்சீஃப் இல்ல பந்தனா கொண்டு வாங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கு அப்புறமும் அதைத் தொடைக்கிறாங்களானு கேக்குறது உங்க உரிமை.

ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் இந்த மாதிரி இருந்தா?

ஆஸ்துமா இருந்தா புகை மெஷினை நிறுத்தச் சொல்லுங்க, இன்ஹேலரை லாக்கர்ல வெக்காம பாக்கெட்ல வெச்சுக்கோங்க. மினுக்கு லைட் பட்டா வலிப்பு வர்றவங்க இருந்தா அதை புக் பண்றப்பவே சொல்லணும், ஸ்ட்ரோப் லைட்டை முழுசா அணைச்சுட்டுத்தான் ஆட்டம் ஆரம்பிக்கணும், அணைக்க முடியாத இடம்னா போகாதீங்க. கர்ப்பமா இருக்குறவங்க, ஆபரேஷன் ஆனவங்க, பேஸ்மேக்கர் வெச்சிருக்கவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க, ஆடலைனாலும் கமாண்டர் சீட் இருக்கு. இதை சொல்றதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, எல்லார் முன்னாடியும் வேண்டாம்னா வாட்ஸ்அப்ல எனக்கு மட்டும் அனுப்புங்க.

நான் கரெக்ட்டாதான் சுட்டேன், அவர் அவுட் ஆகல. துப்பாக்கி கோளாறா?

தினமும் வர்ற சண்டை இது. பத்துல எட்டு தடவை துப்பாக்கி நல்லாத்தான் இருக்கும். முதல் காரணம், சென்சார் மறைஞ்சிருக்கும். முடி, தொப்பி, ஹூடி, அப்புறம் நம்ம ஊருக்கே உரிய ஒண்ணு, மல்லிப்பூ. பின்னாடி சென்சார் மேல ரெண்டு முழம் பூ தொங்கினா பின்னால இருந்து யார் சுட்டாலும் படாது. அந்தக்கா தெரிஞ்சு செய்யல, பூவைக் கொஞ்சம் இறக்கி வெச்சா சரியாயிடும். வேணும்னே கையால சென்சாரை மூடுறது மட்டும்தான் தப்பாட்டம், அதைப் பாத்தா நிறுத்திடுவேன்.

அடுத்தது, ஒருத்தர் மேல அடி பட்டதும் ஒண்ணு ரெண்டு நொடி வேற அடி பதிவாகாத மாதிரி செட் பண்ணியிருப்போம், நீங்க அந்த நொடில சுட்டிருக்கலாம். இல்லனா உங்க குண்டு தீந்திருக்கும், இல்ல நீங்களே அவுட் ஆகி பேஸ்ல உயிர் எடுக்காம வந்திருப்பீங்க, ஆட்ட வேகத்துல பீப் சத்தம் காதுல விழாது. சில சமயம் பேட்டரி இறங்கிட்டா துப்பாக்கி மக்கர் பண்ணும், சந்தேகமா இருந்தா கையைத் தூக்கி மார்ஷலைக் கூப்பிடுங்க, மாத்திக் குடுத்துடுவோம்.

இதுக்கு நேர்மாறா, "நான் சுவத்துக்குப் பின்னாடி இருந்தேன், எப்படி அடி பட்டுச்சு?"னும் கேப்பாங்க. இன்ஃப்ராரெட் வெள்ளைச் சுவர்லயும் கண்ணாடிலயும் பட்டுத் திரும்பும். அதனாலதான் நிறைய அரீனால சுவருக்கு மங்கலான கறுப்பு பெயின்ட் அடிச்சு, உள்ள ஆடுறப்ப துப்பாக்கி பவரையும் குறைச்சு வெக்கிறாங்க.

வெளில, மைதானத்துல ஆடலாமா?

ஆடலாம், ரிசார்ட்லயும் காலேஜ் கிரவுண்ட்லயும் செட்டப் கொண்டு வந்து போடுறவங்க இருக்காங்க. ஆனா வெயில்லயும் இன்ஃப்ராரெட் நிறைய இருக்கு, உச்சி வெயில்ல சென்சார் தடுமாறும், ரேஞ்ச் குறையும். சாயங்காலம் நாலரைக்கு மேல வெச்சுக்கோங்க. நம்ம ஊரு மே மாச மதியத்துல ஹெட்பேண்ட் கட்டிக்கிட்டு ஓடுறது உடம்புக்கும் ஆகாது. அக்டோபர்லருந்து டிசம்பர் வரைக்கும் மழை வந்தா என்ன பண்ணுவீங்க, பணம் திரும்புமா, தேதி மாத்தலாமானு எழுத்துல வாங்கிக்கோங்க.

எவ்ளோ செலவு ஆகும்? புக் பண்றப்ப என்னென்ன கேக்கணும்?

ரேட் இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும், அதனால தொகை எழுதல. தலைக்கு ஒரு ஆட்டத்துக்கு இவ்ளோனு ஒரு கணக்கு, மணி நேரத்துக்கு மொத்தமா இவ்ளோனு ஒரு கணக்கு, ரெண்டையும் கேட்டு போட்டுப் பாருங்க. ஆட்டம் எத்தனை நிமிஷம், அதுல பேசிப் புரிய வெக்கிற நேரமும் சேருமா? சொன்ன ரேட்ல ஜிஎஸ்டி சேந்திருக்கா? நம்ம குரூப் மட்டும்தானா, இல்ல தெரியாதவங்களையும் கூட சேப்பாங்களா? பிள்ளைங்க பார்ட்டினா இது ரொம்ப முக்கியம், முழு களமும் உங்களுக்கேனு உறுதி பண்ணிக்கோங்க. வெளிச் சாப்பாடு, கேக் கொண்டு வரலாமா? 14 பேர்னு சொல்லி 11 பேர் வந்தா எத்தனை பேருக்குப் பணம்? சண்டை வர்றதெல்லாம் இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேக்காததாலதான்.

லேட்டானா உங்க ஸ்லாட்ல இருந்துதான் நேரம் போகும், அடுத்தவங்க காத்துட்டு இருப்பாங்க. அதனால உங்க குரூப்ல எப்பவும் லேட்டா வர்ற அந்த ரெண்டு பேருக்கு மட்டும் அரை மணி முன்னாடி டைம் சொல்லிடுங்க.

துப்பாக்கியோட வெளில பார்க்கிங்ல போட்டோ எடுத்துக்கலாமா?

முடியாது, மன்னிச்சுக்கோங்க, இதுல மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். 1987ல அமெரிக்கால கலிஃபோர்னியால ஒரு ஸ்கூல் வளாகத்துல ராத்திரி லேசர் டேக் பொம்மைத் துப்பாக்கி வெச்சு விளையாடிட்டு இருந்த 19 வயசுப் பையனை, நிஜத் துப்பாக்கினு நெனச்சு போலீஸ் சுட்டுட்டாங்க, பையன் செத்துட்டான். எங்க துப்பாக்கி அந்தப் பொம்மையைவிட நிஜம் மாதிரி இருக்கும். ரோட்ல போறவங்களுக்கு இது விளையாட்டுனு எப்படித் தெரியும்? உள்ளயே போட்டோ எடுக்க நல்ல வெளிச்சம் போட்டு ஒரு சுவர் வெச்சிருக்கோம், எவ்ளோ வேணாலும் எடுத்துக்கோங்க.

இந்த விளையாட்டு எங்க ஆரம்பிச்சுது?

அமெரிக்க ராணுவம் பயிற்சிக்காக மைல்ஸ்னு ஒரு சிஸ்டம் வெச்சிருந்தாங்க, நிஜத் துப்பாக்கில வெத்து தோட்டாவும் லேசரும், உடம்புல சென்சாரும். அதே காலத்துல, 1979ல, இன்ஃப்ராரெட்ல சுடுற பொம்மை ஒண்ணு கடைக்கு வந்துச்சு. காசு குடுத்து உள்ள போய் ஆடுற முதல் அரீனாவை 1984ல டெக்சாஸ்ல டல்லாஸ்ல ஜார்ஜ் கார்ட்டர்ங்கறவர் ஃபோட்டான்ங்கற பேர்ல திறந்தார். அங்க ஆரம்பிச்சு உலகம் பூரா போயிடுச்சு.

முதல் தடவை ஆடுறோம், ஜெயிக்க ஏதாவது சொல்லுங்க.

வாயைத் திறந்து பேசுங்க. எல்லாரும் சினிமால பாத்த மாதிரி கை சைகைல பேசப் பாப்பாங்க, இருட்டுல யாருக்குத் தெரியும்? ஆட்டத்துக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் எடுத்து டீமா நின்னு இடங்களுக்குப் பேர் வெச்சுக்கோங்க, நீல டிரம், டயர், படிக்கட்டு, சந்துனு. "அங்க இருக்கான் அங்க இருக்கான்"னு கத்தினா யாருக்கும் புரியாது, "டயர் பின்னாடி ஒருத்தன்"னா மூணு பேர் அந்தப் பக்கம் திரும்புவாங்க. ரெண்டு ரெண்டு பேரா போங்க, ஒருத்தர் ரீலோடு பண்றப்ப இன்னொருத்தர் பாத்துக்கட்டும். குண்டு முழுசா தீரும்வரை காத்திருக்காதீங்க, மறைவு கிடைச்சதும் ரீலோடு. ஒரே இடத்துல ரெண்டு தடவை தலையை நீட்டாதீங்க, முதல் தடவை மேல நீட்டினா அடுத்தது கீழ இருந்து. ஓடாதீங்க, வேகமா நடந்தாலே போதும், நான் பாத்த அடியெல்லாம் மூலைல திரும்புறப்ப ரெண்டு பேர் முட்டிக்கிட்டதுதான்.

ஸ்கோர் பேப்பர் தருவீங்களா?

தருவோம். யார் யாரை எத்தனை தடவை சுட்டாங்க, எத்தனை குண்டுல எத்தனை பட்டுச்சுனு எல்லாம் வரும். எல்லாரும் முதல் இடம் யாருனுதான் பாப்பாங்க, நீங்க குறி சதவீதம் இருக்குற கட்டத்தையும் பாருங்க, கம்மியா சுட்டு கரெக்ட்டா அடிச்சவங்க பேர் பெரும்பாலும் லிஸ்ட்ல நடுவுல மாட்டியிருக்கும், அவங்க பேரையும் சத்தமா வாசிங்க. அந்தப் பாட்டி பேப்பரை நாலா மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டாங்க. பர்த்டேன்னா பிள்ளைக்கு தனியா ஒரு காப்பி வேணும்னு கவுண்டர்ல கேளுங்க, அதுக்கு காசு இல்ல.